மேட்டடியில் கசிந்த நீர்

அந்தக் குப்பைமேட்டை மூடி மூன்று மழைக்காலம் கடந்த பிறகுதான் நான் அங்கே போனேன். அச்சகக் காகிதக் கழிவும் ஊர்க்குப்பையும் வருடக்கணக்காகக் கொட்டி நிறைந்த இடம். மேலே கரிசல்மண் பரப்பியிருந்தார்கள். வெயில் சாயும்போது மண்வெடிப்புகளுக்குள் ஜிகினாத்தாள் மினுங்கும். கானலில் பார்த்தால் மேடு மெல்ல மூச்சு விடுவதுபோல் இருக்கும். அதன் அடியிலிருந்து கறுத்த நீர் சத்தமில்லாமல் கசிந்துகொண்டே இருந்தது.

அந்த நீரைச் சுத்தப்படுத்த ஒரு வழியை வடிவமைப்பது என் வேலை. விருதுநகரில் அத்தாவுக்குப் பருப்புக் கடை. நான் பொறியியல் படித்து ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். தினமும் மணிக்கணக்கில் மின்சாரம் போன காலம் அது. சூலக்கரை அரசு அலுவலகத்தில் என் முதல் வரைபடத்தை விரித்தேன். அதில் இரண்டு மோட்டார்கள், காற்று ஊதும் ஓர் இயந்திரம். விளக்கத் தொடங்கும்போதே மின்விசிறி நின்றது. எதிரே இருந்த அதிகாரி ஒரு ஃபைல் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார். நானே வரைபடத்தைச் சுருட்டிவிட்டேன்.

மோட்டாரே இல்லாமல், சரிவிலேயே நீர் இறங்கட்டும் என்று மாற்றினேன். சரளைக்கல் நிரப்பிய தொட்டிகளில் நாணல் நட்டால், வேரடியில் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். கண்மாயிலிருந்து நாணல் கொண்டுவந்து நட்டோம். இரண்டே வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காய்ந்த நாணலின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மேட்டுக்குக் கீழே புஞ்சைக்காடு வைத்திருந்த ஓர் அக்கா வந்தார். பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுகிறவர். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். அவருடைய கிணற்றில் நீர் நிறம் மாறியதால் முள்ளை வெட்டிப் போட்டு மூடி வைத்திருந்தார்.

“எல்லாம் செத்துப்போச்சுன்னுட்டா உக்காந்திருக்கீக?” என்றார். “அங்கன பாருங்க. குழாயிலருந்து தண்ணி கல்லுமேல விழுந்து தெறிக்குதுல்ல, அந்த எடத்துல மட்டும் பச்சையா நிக்குது.”

எழுந்து போய்ப் பார்த்தேன். ஏழெட்டுத் தண்டுகள் உயிரோடு இருந்தன. நீரிலிருந்த அம்மோனியா வேரை எரித்திருக்கிறது. கல்லில் விழுந்து காற்றோடு கலந்த இடத்தில் அதன் காரம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. புத்தகத்தில் படித்ததுதான். இருந்தும் இரண்டு வாரம் அது என் கண்ணில் படவில்லை.

தொட்டிகளுக்கு முன்னால் கல்படிகள் கட்டினோம். படிகளில் இறங்கிய நீர் ஒரு குட்டையில் பல நாள் கிடந்து, பிறகு நாணலுக்குப் போனது. மத்தியானங்களில் படியோரம் உட்கார்ந்தால் அந்தச் சலசலப்பில் கண் சொருகும். குப்பையின் நடுவே இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். நாரணாபுரம் பக்கம் எங்கோ வெடி சோதித்துப் பார்க்கும் சத்தம், கனவுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் வரும். தும்பிகள் வந்தன. நாணல் என் தோளுக்கு மேல் வளர்ந்தது.

கடைசித் தொட்டியில் நீர் இளமஞ்சளாக வந்தது. அக்கா அதைக் கையில் ஏந்தி மோந்து பார்த்தார்.

“குடிக்கலாமா?”

“கூடாதுக்கா. மரத்துக்கு விடலாம்னு சோதனையில வந்திருக்கு.”

“என் கிணறு?”

“இனிமே புதுசா அழுக்கு போறது குறையும். உள்ள போனது தெளிய எம்புட்டு வருசமாகும்னு எனக்குத் தெரியலக்கா.”

அவர் கையிலிருந்த நீரைத் தொட்டியிலேயே விட்டார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “தெரியலன்னு நீங்கதான் சொல்லியிருக்கீக. இதுக்கு முந்தி வந்தவுகள்லாம் ஆறு மாசம், ஆறு மாசம்னுட்டுப் போனாக” என்றார்.

அடுத்த ஞாயிறு பத்துப் புங்கங்கன்றுகளோடு வந்தார். கடைசித் தொட்டியிலிருந்து போகும் வாய்க்காலை நான் மண்வெட்டியால் திருப்பிவிட, அவர் ஒவ்வொன்றாக நட்டார். எட்டு பிழைத்தன.