நீலம் வரும் துளி

ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருப்பவன், பரிசோதனை பிழையாய்ப் போனால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறவன். உங்களில் யாராவது அந்த வெள்ளை மேலங்கியைப் போட்டிருந்தால் நான் சொல்வது விளங்கும். எனக்குக் கிளிநொச்சியில், பல்கலைக்கழக வளாகத்தில் வேலை. போன வருடம் இறுதியாண்டு மாணவி மெரீனாவின் ஆய்வுக்கு உதவினேன். அப்போது நடந்தவை இவை.

முதல் நீலம்

மெரீனா முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, தகப்பன் மீன்பிடிக்கிறவர். அவளுடைய ஆய்வு ஒரு பல்பகுதியத்தைப் பற்றியது. நீண்ட சங்கிலி மாதிரியான மூலக்கூறு. ஒரு பாதிக்குத் தண்ணீர் பிடிக்கும், மற்றப் பாதிக்குப் பிடிக்காது. அசற்றோன் என்ற கரைப்பானில் இரண்டு பாதியும் சண்டையில்லாமல் கரைந்து கிடக்கும். தண்ணீரைத் துளி துளியாகச் சேர்த்துக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் தண்ணீர் பிடிக்காத பாதிகள் எல்லாம் உள்ளே ஒடுங்கி, மற்றவை வெளியே நின்று, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாகிவிடும். அதற்கு மிசெல் என்று பெயர். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு அசற்றோன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவள் துளிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். திடீரென்று குப்பியில் பனிமூட்டம் மாதிரி மெல்லிய நீலப் புகார் பரவியது. உருண்டைகள் உண்டாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "அண்ணை, கண்ணை வெட்டாதேங்கோ, போயிடும்!"

பஸ் நேரம்

அந்த நீலம் போகவில்லை. ஆனால் அடுத்த கிழமை முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மிச்சத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றிவிட்டாள். உருண்டைகள் ஒழுங்காகச் சேர நேரமில்லாமல் எல்லாம் வெள்ளைக் கட்டியாகத் திரண்டு அடியில் போய் இருந்தது. கையிலிருந்த பல்பகுதியத்தில் பெரும்பங்கு அதற்குள். வெளிநாட்டிலிருந்து வந்த பொருள். அறிக்கை கொடுக்கும் நாளுக்கு முன் வேறு கிடைக்காது. கட்டியை உலர்த்தித் திருப்பிக் கரைக்கலாம், ஆனால் நாட்கள் போகும்.

மேற்பார்வையாளர் மிஸ் வந்து குப்பியைப் பார்த்தா. ஏச்சு விழப்போகிறதென்று நான் மெல்ல அலுமாரிப் பக்கம் ஒதுங்கினேன். மிஸ் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தா. "அவசரப்படாதையும் பிள்ளை. பஸ் போனா என்ர வீட்டில நில்லும், ஒரு பாய் கிடக்குது."

யாருடைய கை

கட்டியை உலர்த்தித் திருப்பிச் செய்தபோது வேறு தொந்தரவு. நீலம் இப்போது வெகு முந்தியே வந்தது. ஒரு நாளைய முடிவு மற்ற நாளையதோடு ஒத்துவரவில்லை. "உம்மட கை நடுங்குது, துளி பெருத்து விழுது" என்று நானும் சொல்லிவைத்தேன். அவள் தலைப்பையே மாற்றித் தரச்சொல்லிக் கேட்க மிஸ்ஸிடம் போகத் தயாரானாள்.

அன்று அவளுடைய சின்ன அசற்றோன் போத்தலை நிரப்ப எடுத்தேன். வழக்கம்போலக் கழுவினேன், வழக்கம்போல ஈரத்தோடு பெரிய போத்தலிலிருந்து ஊற்றப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. முதல் நீலம் வந்த அன்று அது கழுவாத புதுப் போத்தல், காய்ந்திருந்தது. அவள் முதல் துளியைச் சேர்க்க முன்னமே நான் அசற்றோனுக்குள் தண்ணீர் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்! சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. மிஸ்ஸின் அறை வாசலில் அவளை மறித்து, மிஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப என்ர கையில பிழையில்லையோ அண்ணை? ரெண்டு கிழமையா நான் இந்தக் கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

தகப்பன் வந்தது

காய்ந்த போத்தலோடு எல்லாம் சரிவந்தது. அறிக்கை கொடுத்த அன்று தகப்பன் ஒரு பை நிறைய இறாலோடு வந்தார். மெரீனா இரண்டு குப்பிகளைக் காட்டினாள். ஒன்றில் மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாமல் அடியில் படிந்து கிடந்தது. மற்றதில் அது மிசெலுக்குள் ஒளிந்துகொண்டதால் தண்ணீர் முழுக்கத் தெளிந்த மஞ்சள். மருந்தையும் இப்படி உடம்புக்குள் கொண்டுபோகலாம் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினாள். மனுசன் அசையாமல் கேட்டார்.

வெளியில் வந்ததும், "ஐயா, விளங்கினதோ?" என்று கேட்டேன். பையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒண்டும் விளங்கேல்லைத் தம்பி. ஆனா அவளுக்கு நல்லா விளங்குது, அது எனக்கு விளங்கினது."

பட்டம் பிள்ளைக்கு, ஆய்வுக் கட்டுரை மிஸ்ஸுக்கு, பிழை விட்ட எனக்கு இறால்: எங்கள் தொழிலில் இதைவிட நியாயமான பங்கீட்டை நான் இன்னும் காணவில்லை.