மூன்று விரற்கடை வால்

என் அறைக்குக் கதவு ஒன்றுதான். அது தறி இருக்கும் கூடத்தில் திறக்கிறது. சமையலறைக்கோ குளியலறைக்கோ தெருவுக்கோ, எங்கே போவதானாலும் அப்பாவின் தறியை ஒட்டிய ஓரடி அகல வழியில் சுவரில் தோள் உரச நடக்க வேண்டும். தறியிலிருந்து எதிர்ச்சுவர்வரை பாவு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்: நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், முழங்கால் உயரத்தில் ஒரு தளம்போல. அதன்மேல் தாவணி நுனிகூடப் படக்கூடாது என்பதை நான் நடக்கக் கற்றபோதே கற்றுக்கொண்டேன். இந்த வீட்டுக்குத்தான் அக்கா ஒரு பூனையைக் கொண்டுவந்தாள்.

அவள் கணவருக்கு வெளிநாட்டுக்கு மாற்றலாகியிருந்தது; இரண்டு வருடம். பெங்களூரில் அவர்கள் வளர்த்த பூனையை உடன் கொண்டுபோக முடியவில்லை. பிளாஸ்டிக் கூடையின் கதவைத் திறந்ததும் அது தயங்காமல் வெளியே வந்தது. எங்களை வரிசையாகப் பார்த்தது. ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு குரலில் ஏதோ ஒன்றைச் சொன்னது. வெள்ளை உடல், தலையிலும் இடுப்பிலும் கறுப்பும் செம்பழுப்புமாகத் திட்டுகள், முன்னங்கால்களைவிட நீளமான பின்னங்கால்கள். அது திரும்பி நடந்தபோதுதான் அம்மா கவனித்தாள்.

"இன்னாடி இது, வால் எங்க?"

"இதோட ஜாதியே அப்படித்தாம்மா. ஜப்பான் பூனை. பாப்டெயில்னு பேரு. பொறக்கும்போதே குட்ட வால்தான்."

"ஜப்பான்காரன் வால மட்டும் அங்கியே வச்சிகினானா?"

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்தார். பிறகு பூனையின் கால்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எலி வராது, அது நல்லதுதான். ஆனா இதுக்கு நகம் இருக்குதேம்மா. பாவு மேல ஒரு தாவு தாவிச்சின்னா?"

அக்கா பதில் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்பா," என்றேன். "என் ரூம்ல வச்சிக்கறேன்."

அந்த வீட்டில் நான் எதையும் கேட்டுப் பழகியவள் அல்ல. அதனாலேயே அப்பா சற்று யோசித்திருக்க வேண்டும்.

"இதால ஒரு இழை அறுந்துதுன்னா, அன்னிக்கே வேற எடம் பாத்துடணும். சரியா?"

"சரிங்கப்பா."

அப்போது பிப்ரவரி. நான் தமிழ் முதுகலையைத் தொலைநிலைக் கல்வியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதில்தான் இருக்கிறேன். சனி ஞாயிறுகளில் வேலூரில் வகுப்பு. மற்ற ஐந்து நாட்களும் என் அறை, என் மேசை, கதவுக்கு அப்பால் தறியின் சத்தம். பூனை வந்த பிறகு கதவை எப்போதும் சாத்தியே வைக்க வேண்டியிருந்தது. சன்னலில் கம்பி வலை அடித்தார்கள். மணல் தட்டு ஒரு மூலையில், தண்ணீர்க் கிண்ணம் இன்னொரு மூலையில். மே மாதத்தில் மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பியது. அந்தப் பத்துக்குப் பத்து அறையில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டோம்.

அக்கா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அந்தப் பெயருக்கு அது ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆகவே நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். பேசினால் பதில் பேசும். அது சாதாரண மியாவ் அல்ல. கேள்விபோல மேலேறி முடியும் ஒரு குரல், சலிப்பாகக் கீழிறங்கும் ஒரு குரல், தொண்டைக்குள் உருளும் ஒரு சிறு சொல். நான் செய்யுளை வாய்விட்டுப் படித்தால் அடி முடியும் இடத்தில் அது குறுக்கே பேசும். கிடைப்பதை வாயில் கவ்விக்கொண்டு திரியும்: பேனா மூடி, ரப்பர், ஒருமுறை என் காதணி. காகிதத்தைக் கசக்கி எறிந்தால் ஓடிப்போய் எடுத்துவந்து என் பாதத்தின்மேல் வைக்கும். நாய்கள்தாம் அப்படிச் செய்யும் என்று நினைத்திருந்தேன்.

வால்தான் எனக்கு விளங்க அதிக நாள் பிடித்தது. பார்க்க முயலின் வால்போலப் பஞ்சு உருண்டை. விரலால் மெதுவாகத் தடவினால் உள்ளே எலும்பு தட்டுப்படும். மூன்று விரற்கடைக்கு மேல் இராது. அதற்குள்ளேயே இரண்டு மடிப்பு. இந்த இனத்தில் எந்த இரண்டு பூனைக்கும் வால் ஒன்றுபோல் மடிவதில்லையாம். அக்கா விட்டுப்போன ஒரு பக்கக் குறிப்பு அப்படிச் சொன்னது. அதன் கீழே தடித்த எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: வாலை நீட்டவோ இழுக்கவோ கூடாது, கடுமையாக வலிக்கும். குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொன்னேன். அத்தையிடம் சொல்லவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. அடுத்த தெருவில் வீடு. பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குச்சிகளில் சுற்றித் தினமும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவளுக்குப் பூனை என்றாலே பயம். என் அறை வாசலோடு நின்றுவிடுவாள். அவளோடு அதிகம் பேசுவதும் எனக்கு வழக்கமில்லை. பேசினால் பேச்சு எப்படியும் என் கல்யாணத்தில் போய் நிற்கும்.

மெல்ல மெல்ல ஒன்றைக் கவனித்தேன். வேலூர் வகுப்புக்குக் கிளம்பிய ஒரு சனிக்கிழமை அம்மா கேட்டாள்: "நீ பூட்டன்னா இத யாரு பாத்துப்பா? எனக்கு ரெண்டு கையும் வேலையாக்கீது." அன்று போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. வந்தவாசியில் என் தோழியின் திருமணம், அதற்கும் போகவில்லை. கல்வெட்டு பார்க்க வகுப்பில் எல்லோரும் பக்கத்துச் சமண மலையான திருமலைக்குச் சென்றார்கள். மலைப்படிகளில் அவர்கள் எடுத்து அனுப்பிய படங்களை நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். பூனை கதவின் அடி இடுக்கில் முன்னங்காலை நுழைத்து அப்பால் இருந்த வெளிச்சத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. அதை நான் காவல் காத்தேன். அதைச் சொல்லி என்னை வீட்டில் நிறுத்திவைப்பது எல்லோருக்கும் எளிதாயிருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. குற்றம் சொல்ல ஒருவர்கூட இல்லை என்பதுதான் மூச்சை அடைத்தது. பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நான் வெளியே போகலாம். ஆனால் அது போய்விட்டால் அந்த அறையில் எனக்குப் பதில் பேச எதுவும் இராது. அது இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினேன்.

ஜூலையில் ஒரு காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்திருக்கிறாள். தறியில் முகூர்த்தப் புடவை. ஜரிகை தீரும் நிலை. ஜரிகைச் சுருள்கள் என் அறை பீரோவில் இருந்தன. அம்மாவின் கையில் மாவு. "நீயே எடுத்துக்கோ, அது தூங்குது," என்று சொல்லியிருக்கிறாள். அத்தை பயத்தோடு உள்ளே போனாள். பூனை என் புத்தகங்களின்மேல், வாசலுக்கு முதுகைக் காட்டிச் சுருண்டு கிடந்தது.

நெசவு வீடுகளில் ஒரு கைப்பழக்கம் உண்டு. யார்மேலும் நூல் ஒட்டியிருந்தால் கேட்காமல் எடுத்துவிடுவோம். சாப்பிட உட்கார்ந்தவரின் முதுகிலிருந்து, விருந்தாளியின் சட்டையிலிருந்து, கோயில் வரிசையில் முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத பெண்ணின் பின்னலிலிருந்து. கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். இடுப்புக்குக் கீழே வெள்ளையாகப் புசுபுசுவென்றிருந்த அந்த உருண்டை அத்தைக்குக் கழிவுப் பட்டாகத்தான் தெரிந்திருக்கிறது; பல வாரங்களாகவே தெரிந்திருக்கிறது. பயத்தையும் மீறிக் கை நீண்டது. எளிதில் வரவில்லை என்றதும், சிக்கு விழுந்த நூலை இழுப்பதுபோல அழுத்திப் பிடித்து இழுத்தாள்.

அந்த அலறலைக் குளியலறையில் கேட்டேன். ஈரத் தலையோடு ஓடிவந்தபோது பூனை அறையில் இல்லை. அத்தை பீரோவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கூடத்தில் தறிச் சத்தம் நின்றிருந்தது.

"ஒருத்தரும் அசையாதீங்க," என்றார் அப்பா. "என் கால் கிட்ட இருக்குது."

எங்களுடையது குழித்தறி. நெய்பவர் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் கால்களை விட்டு, மிதிகளை மிதிக்க வேண்டும். பூனை பாவின் அடியில் ஓடி அந்தக் குழிக்குள் இறங்கியிருந்தது. அப்பா காலை எடுத்தால் மிதி மேலெழும். மிதி எழுந்தால் பூனையின் தலைக்குமேல் இழைகள் அத்தனையும் நகரும். மிரண்ட பூனை மேலே பாயும். எனவே அவர் இரண்டு மிதிகளையும் அழுத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் தரையில் குப்புறப் படுத்து, பாவின் அடியில் தலையை நுழைத்தேன். குழி இருட்டில் இரண்டு கண்கள். அதன் விலா வேகமாக ஏறி இறங்கியது.

"வருதா?"

"பயந்துகினு இருக்குதுப்பா. ஏதாவது பேசுங்க. அதுக்குக் குரல் புடிக்கும்."

"பூனை கிட்ட இன்னாத்த பேசறது?"

"எதுவானாலும்."

அப்பா தொண்டையைச் செருமினார். "இன்னாம்மா," என்றார் பூனையிடம், வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவதுபோல. "சௌக்கியமா? இந்த வருஷம் வெயில் ஜாஸ்திதான். உங்க ஊர்ல எப்படியோ." குழிக்குள்ளிருந்து மேலேறி முடியும் குரலில் ஒரு பதில் வந்தது. அப்பாவின் குரலில் அப்படியொரு வியப்பை நான் கேட்டதில்லை. "பதில் சொல்லுதே!" தொடர்ந்து பேசினார்: மின்வெட்டு, பக்கத்து வீட்டு விசைத்தறி, தன் முழங்கால் வலி. பூனை ஒவ்வொன்றுக்கும் ஏதோ சொன்னது. கால்மணி நேரம் இருக்கும். அதன் மூச்சு அடங்கியது. ஓரடி முன்னால் வைத்தது. என் விரல்களை முகர்ந்தது.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. வாசற்படியில் நின்று சொன்னாள்: "நான் ஒண்ணும் பண்ணலண்ணா. பின்னாடி ஒட்டிகினு இருந்த நூல எடுத்தேன், அவ்ளோதான். அந்தப் பொண்ணு இத்தினி நாளா பாத்துகினே இருக்குது, எடுத்துப் போடமாட்டேங்குது."

"அது நூலு இல்ல," என்றார் அப்பா. "வாலு."

"வாலா?"

அம்மா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் வெடித்த சிரிப்பு. பூனை என் கையைத் தாண்டி நேராக மேலே பாய்ந்தது. அந்த நீண்ட பின்னங்கால்களின் முழு வலுவோடு பாவைக் கிழித்து வெளியேறி, என் அறைக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் மறைந்தது. இழைகள் அறுவது கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்டது.

அப்பா குழியிலிருந்து கால்களை எடுத்தார். மரத்துப்போயிருந்ததால் சற்று நேரம் நிற்க முடியவில்லை. பிறகு குனிந்து பாவை விரல்களால் பிரித்துப் பார்த்தார்.

"ஒம்பது."

ஒன்று அறுந்தாலே அனுப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது.

"தப்பு என் மேலதாம்பா," என்றேன். "வால இழுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்திச்சு. அத்தைக்கு நான் சொல்லல. அது இங்கியே இருக்கட்டும்பா." நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன்: "அது போகக் கூடாது."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதான் கேக்குதே புள்ள, இருந்துட்டுப் போவட்டும்ண்ணா. நான்தான் அத பேஜார் பண்ணிட்டேன்."

அப்பா ஓர் அறுந்த இழையை எடுத்து, புது நூலோடு சேர்த்து, விரல் நுனியில் முடிந்தார். இரண்டாவதையும் முடிந்தார். "நானே ஒரு நாளைக்கு இதவிட அதிகமா அறுக்கறேன்," என்றார் கடைசியில். "இருக்கட்டும். ஆனா அந்தக் கதவு சரியா படியமாட்டேங்குது. வெளில ஒரு தாழ்ப்பாள் போட்டுடலாம்."

"உள்பக்கம் போடலாமேப்பா."

அம்மா குறுக்கிட்டாள். "உள்ள போட்டுகினா, எதுனா ஒண்ணுன்னா நாங்க எப்படிடி வர்றது? நீ படிச்சிகினு இருப்ப, போட மறந்துடுவ. நாங்க வெளில போட்டுக்கறோம். வேணும்னா தட்டு."

"இந்தப் பாவு முடியற வரைக்கும்தாம்மா," என்றார் அப்பா, என் முகத்தைப் பார்த்து.

சரி என்றேன். மறுநாள் தச்சர் வந்தார். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது.

நெசவு வீட்டில் பிறந்தவள் அந்த வாக்கை அப்படியே ஏற்றிருக்கக் கூடாது. பாவு முடிவதில்லை. கடைசிப் புடவையை அறுத்தெடுக்கும்போது பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த நுனியின் ஒவ்வோர் இழையோடும் முறுக்கிச் சேர்ப்பார்கள்; அப்போதுதான் மறுபடி முதலிலிருந்து இழை கோக்க வேண்டியிருக்காது. சிறு வயதில் அம்மாவோடு உட்கார்ந்து நானும் அதைச் செய்திருக்கிறேன். எங்கள் தறி வெறுமையாக நின்று நான் பார்த்ததே இல்லை. அப்பாவுக்கும் இது தெரியும். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். பேச்சில் அப்படி வந்துவிட்டது. எனக்கும் கேட்க இதமாயிருந்தது.

இப்போது தறியில் இருப்பது அதற்குப் பிறகு சேர்த்த மூன்றாவது பாவு. பூனை நலம். வால் வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. அத்தை வரும்போது கதவருகே நின்று "இன்னாம்மா, சௌக்கியமா?" என்று கேட்கிறாள், அதுவும் பதில் சொல்கிறது. வெளியே போக வேண்டுமென்றால் நான் தட்டுகிறேன். தறி ஓடும்போது தட்டினால் யாருக்கும் கேட்காது. அப்பா நூல் மாற்றவோ தண்ணீர் குடிக்கவோ நிறுத்தும்வரை கதவருகே காத்திருக்க வேண்டும். பூனையும் வந்து என் பாதத்தருகில் உட்காருகிறது. சத்தம் நிற்கிறதா என்று இருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.