வி.ஏ. துரை அனுப்பாத செய்தி

1. லாச்சி

மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருபத்தேழு வருடம் கிளாக்கராக இருந்தேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் வருகிற பெரிய கிளாக்கரின் பிள்ளைகள் நல்லவர்கள். வாசிக்கிற பழக்கமும் உள்ளவர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், யுத்த காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. காலைப் பெரட்டில் வேலை பிரித்தாகி, ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். ஆபீஸ் போன் அடித்தது. கொழும்பில் என் தம்பி யோகன் வேலை செய்த இரும்புக்கடை முதலாளி பேசினார். ரோட்டில் நடந்து போன யோகனைச் சோதனைச் சாவடியில் மறித்திருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லை என்று பொலிசில் வைத்திருக்கிறார்கள். முதலாளி நல்ல மனிதர், தானே போய்ப் பேசினார். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். அட்டை இல்லாமல் இனி ரோட்டில் கண்டால் விடமாட்டோம் என்று சொல்லித்தான் விட்டார்கள்.

அவனுடைய விண்ணப்பத்தை என் கையாலேயே நிரப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. அது வேறு எங்கும் இல்லை, எங்கள் ஆபீசிலேயே, பெரிய கிளாக்கர் ஆரோக்கியம் ஐயாவின் மேசை இழுப்பறைக்குள், எங்கள் பேச்சில் லாச்சிக்குள், கிடந்தது. கூடவே தோட்டத்தில் இன்னும் அறுபது பேருடைய விண்ணப்பங்களும். குடும்பப் பதிவைப் பார்த்து, இவர் இந்தத் தோட்டத்து ஆள்தான் என்று ஒரு தாள் அடிக்க வேண்டும். அதில் தோட்டத்து மேனேஜரான துரை கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் கொழும்புக்குப் போகும். அந்தத் தாளை அடிக்க வேண்டியவர் ஐயா.

நான் போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் என்னா செய்றது செல்வி? பதிவெல்லாம் அந்தப் பழைய மெஷினுக்குள்ள கெடக்கு. அதுல இருந்து பிரின்ட் வந்தா நான் அடிச்சுத் தர மாட்டேனா?”

பழைய மெஷின் என்றது ஒரு மெக்கின்டோஷ். முன்பு இருந்த துரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. தோட்டத்துக் குடும்பப் பதிவு முழுவதையும் அவருடைய மனைவி பொழுதுபோக்காக அதில் அடித்து வைத்தார். மாற்றலாகிப் போனபோது பிரின்டரைக் கொண்டுபோய், மெஷினை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன் பிளாப்பி டிரைவுக்குள் தேயிலைத் தூசி அடைத்து, உள்ளே போன பிளாப்பி திரும்பி வராது. ஐயாவிடமும் என்னிடமும் இருந்தவை விண்டோஸ் 98 கம்ப்யூட்டர்கள். பிரின்டர் என்னுடையதில் இருந்தது. மெக்கும் இவையும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை.

துரையிடமே நேரில் கேட்டுப் பார்த்தேன். தலையைத் தூக்காமல், பெரிய கிளாக்கரிடம் கேள் என்றார்.

2. நானா கடை மாடி

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டவுனான ஹட்டனில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதில் ஆறு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். ரேடியோ, டெலிவிஷன் விற்கிற நியாஸ் நானாவின் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவோம். கடைசி நோர்வூட் பஸ்ஸுக்குக் கலைவோம். முதல் விஷயம் எப்போதும், அடுத்து யார் கொழும்புக்குப் போவது என்பது. போகிறவர் கையில் எல்லாரும் ஒரு பட்டியல் கொடுப்போம். ஒருவருக்கு மவுஸ், ஒருவருக்கு மெமரி, ஒருவருடைய மனைவிக்கு பிரஷர் குக்கர் வாஷர். இரண்டாவது விஷயம், எந்த கம்ப்யூட்டர் சிறந்தது என்ற சண்டை. அது அநேகமாக பஸ் ஸ்டாண்ட் வரை தொடரும்.

கணக்கு வாத்தியார் சிவபாதம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு சஞ்சிகையோடு வந்த சீடியிலிருந்து லினக்ஸைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். நான் என் கதையைச் சொன்னதும் அவருக்கு யோகனைவிட மெக்கின்டோஷ் மேல்தான் முதலில் இரக்கம் வந்தது என்று நினைக்கிறேன். கடதாசியில் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

“பிள்ளை, விண்டோஸுக்கு மெக் கதைக்கிறது விளங்காது. மெக்குக்கு விண்டோஸ் கதைக்கிறது விளங்காது. நடுவில என்ர பழைய லினக்ஸ் பெட்டிய வைப்பம். அதுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். அரசாங்கக் கச்சேரியில தமிழும் சிங்களமும் தெரிஞ்ச கிளாக்கர் மாதிரி.”

மெக்கைக் கம்பியில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்றார். மெக்கின் நெட்வொர்க் சொக்கெட் வேறு எந்த மெஷினிலும் இல்லாத வடிவம். சீப்பை வெட்டி வைத்ததுபோல் இருக்கும். அந்தப் பெட்டியை இலங்கையில் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் நானும் மாஸ்டரும் நானாவும் கொழும்புக்கு ரயில் ஏறினோம்.

3. ஒரு பெட்டி குப்பை

முதல் கடையில் அப்படி ஒரு சாமான் உலகத்திலேயே இல்லை என்றார்கள். இரண்டாவது கடையில் அது எதற்கு, புதிதாக ஒரு கம்ப்யூட்டரே வாங்குங்கள் என்று எங்களை நாற்காலியில் உட்கார வைத்து சோடா கொடுத்தார்கள். சோடாவைக் குடித்துவிட்டு வந்தோம். மூன்றாவது கடைக்காரர், இரண்டு நாளில் எடுத்துத் தருகிறேன் என்றார். அது எப்படி இருக்கும் என்று நானா கேட்டார். நீளமாக இருக்கும் என்றார்.

கடைசியில் ஒரு பழைய சாமான் கடை. கம்பெனிகள் கழித்துவிட்ட மெஷின்களை வாங்கி விற்கிற இடம். மாஸ்டர் வாயைத் திறக்குமுன் நானா எங்கள் இருவரையும் வாசலிலேயே நிறுத்தினார்.

“இது ஈக்கான்னு கேட்டா, இல்லாண்டு சொல்லுவான். இல்லாட்டி தங்கத்துல செஞ்சதுண்டு சொல்லுவான். நீங்க ரெண்டு பேரும் பேசாம நில்லுங்க.”

உள்ளே போய் ஒரு உடைந்த கீபோர்டைத் தூக்கிப் பார்த்தார். அதில் எழுத்துகள் பாதி இல்லை. அதற்காகக் கடைக்காரரோடு வாதாடத் தொடங்கினார். வாதாடிக்கொண்டே கம்பிகள் கிடந்த பெட்டிக்குள் கையை விட்டுக் கிளறினார். மூன்றாவது கிளறலில், அந்தச் சீப்பு வாயோடு ஒரு சாம்பல் நிறப் பெட்டி மேலே வந்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமினார். நானா திரும்பிப் பார்க்காமலே அவர் காலை மிதித்தார். பிறகு கீபோர்ட், நாலு கம்பி, சாம்பல் பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டச் சொன்னார். கடைக்காரர் கடைசி வரை கீபோர்டை விட்டுக்கொடுக்க மனமில்லாமலே கொடுத்தார். அந்தக் கீபோர்ட் வெகுகாலம் நானா கடை மாடியில் கதவு சாத்தாமல் இருக்க முட்டாகக் கிடந்தது.

ரயிலுக்கு நேரம் இருந்தது. யோகனைப் பார்க்கப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான் கடை. அவன் வாசலுக்குக்கூட வரவில்லை. சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பேசினான். நிறம் வெளுத்திருந்தான். அம்மாவுக்குச் சொல்லாதே என்றான். பகல் சாப்பாட்டையும் யாராவது வாங்கிக்கொடுத்தால்தான் உண்டு என்றான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாப்பாட்டுக் கடைக்குப் போக முடியாமல் நின்றான். ரயிலில் மாஸ்டர் அந்தப் பெட்டியை மடியில் வைத்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

4. சிவப்பு ஏழு

சனிக்கிழமை அரைநாள். துரையிடம் அனுமதி வாங்கி நானாவும் மாஸ்டரும் தோட்டத்துக்கு வந்தார்கள். மெக்குக்கும் என் கம்ப்யூட்டருக்கும் ஐயாவுடையதுக்கும் கம்பி இழுத்தோம். லினக்ஸ் பெட்டியை என் மேசைக்குப் பக்கத்தில் ஆட்களின் வேலை நாள் பதிகிற செக்ரோல் புத்தகங்களை அடுக்குகிற தட்டின் கீழே வைத்தோம். முதல் மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாஸ்டர் ஏதோ ஒரு எழுத்தைத் திருத்தினார். மெக்கிலிருந்த குடும்பப் பதிவு என் பிரின்டரில் பக்கம் பக்கமாக வந்து விழுந்தது. நானா அதில் முதல் தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்டதற்கு, இவ்வளவு அலைந்ததற்கு வாசமாவது இருக்கிறதா பார்த்தேன் என்றார்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டை ஆரோக்கியம் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். நல்லா வந்திருக்கு என்றார். அடுத்த வாரம் பார்ப்போம் என்று லாச்சியைத் திறந்து அதையும் உள்ளே போட்டு மூடினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் விளங்கியவுடன் நல்ல புத்தி வரவில்லை, குறும்புதான் வந்தது.

ஐயாவின் அறைக்கும் எனக்கும் இடையில் கண்ணாடித் தடுப்பு. அவருடைய திரை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் டீ வருவதிலிருந்து அவர் சொலிட்டயர் சீட்டு ஆடுவார். நெட்வொர்க்கில் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பலாம்; அது திரையின் நடுவில் சிறு பெட்டியாக வந்து நிற்கும். லினக்ஸிலிருந்து அனுப்பினால் அனுப்புகிறவர் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் சும்மா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். நான் வைத்த பெயர் வி.ஏ.

வி.ஏ. என்றால் விசிட்டிங் ஏஜென்ட். கம்பெனி சார்பில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து தோட்டத்தைச் சோதிக்கிறவர். அவர் ஜீப் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டால் எங்கள் துரையே சட்டைக் காலரைச் சரிசெய்வார்.

புதன்கிழமை டீக்குப் பிறகு ஆங்கிலத்தில் முதல் செய்தியை அடித்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “சிவப்பு ஏழைக் கறுப்பு எட்டின் மேல் வைக்கவும்.”

ஐயா வாசித்தார். ஏழை எடுத்து எட்டின் மேல் வைத்தார். அதன் பிறகு கை அப்படியே நின்றது. மெதுவாக எழுந்தார். கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் செக்ரோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். இரண்டாவது செய்தியை அனுப்பினேன்: “அது முடிந்ததும் லாச்சியைத் திறந்து அடையாள அட்டை விண்ணப்பங்களை முடிக்கவும்.”

அவர் திரைக்கு முன்னால் நின்றபடியே, “யெஸ் சார்” என்றார்.

அந்த வாரம் ஐயா சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை பகலுக்குள் அறுபத்தொரு தாளும் அடித்து, துரையிடம் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு, தானே தபால் கந்தோருக்குக் கொண்டுபோனார். இடையில் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, மெஷினுக்குள்ளால ஆளைப் பார்க்க முடியுமா என்று மெல்லக் கேட்டார். எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க ஐயா என்றேன். அவர் நெற்றி வியர்த்திருந்தது. என் சிரிப்பு அதோடு போய்விட்டது.

5. அடுத்த செய்தி

பத்தாம் நாள் உண்மையான வி.ஏ. துரை வந்தார்.

தொழிற்சாலை பார்த்து, மலை பார்த்து, ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்தார். எங்கள் துரை பக்கத்தில் நின்றார். ஆரோக்கியம் ஐயா கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய், தாங்கள் அனுப்பிய உத்தரவுப்படி விண்ணப்பங்கள் எல்லாம் அனுப்பியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொழுந்துக் கூடை தூக்கிய குடும்பத்திலிருந்து வந்த முதல் கிளாக்கர் நான்; வேலை போனால் அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்று அந்த ஒரு நிமிடத்துக்குள் நினைத்து முடித்துவிட்டேன்.

வி.ஏ. துரை கொஞ்ச நேரம் ஐயாவைப் பார்த்தார். எத்தனை என்று கேட்டார். அறுபத்தொன்று என்றார் ஐயா. வி.ஏ. துரை எங்கள் துரை பக்கம் திரும்பி, நல்லது, என் செய்திகளை யாராவது வாசிக்கிறார்கள் என்றால் சந்தோஷம்தான் என்றார். எங்கள் துரை தனக்கும் அந்தச் செய்தி தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

ஜீப்பில் ஏறுமுன் இந்தக் கம்பி வேலை யார் செய்தது என்று விசாரித்தார். என்னைக் காட்டினார்கள். மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். சிங்களவர், பேசியது துரைமார் பேசுகிற தமிழ்.

“அந்த ஆள்களுக்கு ஐடென்டிட்டி ரொம்ப அவசரமா?”

“என் தம்பியப் பொலிசுல வச்சிருந்தாங்க துரை.”

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“நம்ம பேர அந்த மெஷின்ல இருந்து எடுத்துப்போடு. அடுத்த தடவ நான் என்னா சொல்றேன்னு எனக்கு முன்னாடியே சொல்லணும்.”

“சரிங்க துரை,” என்றேன்.

அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஆரோக்கியம் ஐயாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் கதவு வரை போனேன். இரண்டு தடவையும் வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். இன்றுவரை எனக்கு அது ஒரு குறைதான். வேலை செய்யாத மனிதர்தான், ஆனால் வெறும் திரைக்கு முன்னால் நின்று யெஸ் சார் சொல்ல வைக்கிற அளவுக்கு அவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இன்னொருவர் பெயரில் பேசுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்த நாளிலேயே எனக்கு அதில் பயமும் வந்துவிட்டது.

அட்டைகள் நாலு மாதத்தில் கட்டுக் கட்டாக வந்தன. தீபாவளிக்கு யோகன் வந்தான். வழியில் இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்களாம். இரண்டு இடத்திலும் சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தானாம்.

“இப்ப ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்க்கா,” என்றான்.

இப்போது ஆபீஸ்களில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் என்னிடம் எந்த மெஷின் வாங்கலாம், எதை எதோடு இணைக்கலாம் என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். சாமான் இல்லை என்பதற்காக நான் கொழும்பு வரை போனேன். சாமான் கிடைத்த பிறகும் லாச்சி மூடித்தான் இருந்தது. ஒரு வேலை நடக்காமல் நிற்கிறது என்றால், என்ன சாமான் குறைகிறது என்று முதலில் தேடாதீர்கள். யாருடைய மேசையில் நிற்கிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு, உங்கள் சொந்தப் பெயரிலேயே போய்க் கேளுங்கள்.