ஒரு டெண்டருக்கு ஒரே ஆள்

ஜெராக்ஸ் கடை மாடியில் பத்துக்கு எட்டு அறை. ஒரு மேசை, இரண்டு ரப்பர் ஸ்டாம்ப், பசை டப்பா, சுவர் முழுக்க ஃபைல். அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. கவர் அக்கா என்றால் போதும், ஜெராக்ஸ்காரர் விரலை மேலே காட்டிவிடுவார்.

அரசாங்க அலுவலகத்தின் டெண்டர் பிரிவில் பதினான்கு வருடம் தினக்கூலி டைப்பிஸ்டாக இருந்தவள். ஆளைக் குறைத்தபோது முதல் ஆளாக அவளைத்தான் குறைத்தார்கள். பெரிய கம்பெனிக்கு வக்கீலும் மானேஜரும் உண்டு. தையல்காரிக்கும் வெல்டிங் பட்டறைக்காரருக்கும் யார் இருக்கிறார்கள்? வேலை தெரிந்தவர்கள் ஒரு கையெழுத்து விட்டுப்போய்த் தள்ளுபடியானதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான், அவர்களுக்கு டெண்டர் எழுதிக் கொடுக்க இந்த அறையைப் பிடித்தாள்.

விஷயம் இவ்வளவுதான். அரசாங்கத்துக்கு இரண்டு கவர் கொடுக்க வேண்டும். முதல் கவரில் சான்றிதழ்கள், எண்பது பக்கம் வரும். இரண்டாவதில் விலை, ஒரே ஒரு தாள். முதல் கவரைத் திறக்கும்போது விலை கண்ணில் பட்டதோ, போச்சு, மறுபேச்சே கிடையாது.

அவளுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு: ஒரு டெண்டருக்கு ஒரே ஆள். முதலில் வருகிறவர் பெயர் நோட்டில் ஏறும். அதன்பின் அதே டெண்டருக்கு வேறு யார் வந்தாலும் நேற்று மழை பெய்ததா என்று கேட்டால்கூடப் பதில் வராது. அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் ஆட்கள் தங்கள் விலையை அவளிடம் வாய்விட்டுச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு இரும்பு பெஞ்சு செய்யும் டெண்டர் வந்தது. ஆறு பேரை வைத்து வேலை வாங்கும் பட்டறைக்காரர் முதல் நாளே வந்துவிட்டார். மறுநாள் வந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்கும் பட்டறைதான்.

"அக்கா, எனக்கும் எழுதிக் குடு."

"நேத்தே ஒருத்தர் வந்துட்டார்டா."

"வந்தா? நான் என்ன தெருவுல போறவனா? ரெண்டு பேர் வேலையை விட்டுப் போயிட்டாங்க. இதுவும் இல்லேன்னா பட்டறையை மூட வேண்டியதுதான்."

"அடுத்த டெண்டருக்கு முதல் ஆளா வா."

"நல்லா இருக்குக்கா உன் நியாயம்!"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். ரோஷக்காரன், எல்லாவற்றையும் தானே எழுதினான்.

கடைசி நாள். அலுவலகத்தில் டெண்டர் போடும் பெட்டியைப் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். வரிசையில் தம்பி முன்னால், பட்டறைக்காரர் பின்னால், நடுவில் அவருக்குத் துணையாக வந்த அவள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடத் தம்பி குனிந்தான். கோபமெல்லாம் மறந்துபோன பழக்கத்தில், "கொஞ்சம் புடிக்கா" என்று இரண்டு கவரையும் அவள் கையில் திணித்தான்.

குண்டான கவரில் 'விலை' என்று ஒட்டியிருந்தது. ஒற்றைத் தாள் கவரில் 'முதல் கவர்' என்று இருந்தது. லேபிளை மாற்றி ஒட்டியிருக்கிறான், படுபாவி! பையில் பசை இருந்தது. பிரித்து ஒட்ட இரண்டு நிமிடம் போதும்.

"மணி என்னக்கா ஆச்சு?" என்றார் பின்னால் நின்ற பட்டறைக்காரர்.

"பதினொன்னு நாப்பது."

கவர் இரண்டையும் இருந்தபடியே தம்பியிடம் நீட்டினாள். தம்பி கவர்களை வாங்கி, பெரிய உறைக்குள் போட்டு, ஒட்டி, பெட்டியில் தள்ளினான்.

மூன்று மணிக்குத் திறந்தார்கள். தம்பியின் முதல் கவரிலிருந்து விலை வந்தது. அதிகாரி தள்ளுபடி என்று எழுதி அடுத்ததை எடுத்தார். வேலை பட்டறைக்காரருக்குக் கிடைத்தது. தம்பி பட்டறையில் பாதியை ஒரு டயர்க்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மீதியில் தனி ஆளாக வெல்டிங் வைத்தான்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டில் டெண்டர் வந்தது. அவள் பூட்டைத் திறக்கும்போதே தம்பி படியில் உட்கார்ந்திருந்தான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை எடுத்து 'தம்பி' என்று எழுதினாள். அவன் சான்றிதழ்களை மேசையில் வைத்தான், கையை எடுக்கவில்லை.

"அன்னிக்குக் கவர் ரெண்டும் உன் கையிலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"கவனிச்சிருக்க மாட்டே. கூட்டம் வேற. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுக்கா, அது போதும் எனக்கு."

அவள் அவனையே பார்த்தாள். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

"தெரியும்டா."

அவன் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அந்த மாதம் அதே டெண்டருக்கு மூன்று பேர் மாடியேறி வந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்: "முன்னாடியே ஒருத்தர் வந்துட்டார்." கடைசி நாள் பன்னிரண்டு மணி வரை அவள் படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், கீழே டீ குடிக்கக்கூடப் போகவில்லை.