லேஸ் கட்டும் பதவி

எட்டு வயதில் எனக்கு ஒரு பெரிய பதவி இருந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த அப்பாவின் ஷூவுக்குத் தினமும் லேஸ் கட்டிவிடுவது. பட்டாளத்தில் பெரிய ஆபீசர்களுக்கெல்லாம் இதற்கென்றே ஆள் உண்டு என்று அப்பா சொல்லியிருந்தார். தம்பி ஒருநாள் ஆசைப்பட்டு லேஸைத் தொட்டதற்கு நறுக்கென்று கிள்ளி வைத்தேன்.

பட்டாளத்தில் இருந்தபோது வண்டி மலைச்சரிவில் உருண்டு அப்பாவுக்கு முதுகெலும்பில் அடி. அதற்குக் கொஞ்சம் பென்ஷன் வந்தது. பிறகு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. வலி மாத்திரை விழுங்கி வயிறும் கெட்டது. இதெல்லாம் அந்த அடியால் வந்ததுதான் என்று மெடிக்கல் போர்டு டாக்டர் எழுதினால் பென்ஷன் கூடும், பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்கும் வேலையை விட்டுவிடலாம். போர்டுக்குக் கிளம்பிய காலையில் அம்மா தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

"அங்க போயி நல்லா கீறேன் சார்னு சொல்லிட்டு வந்துடாதீங்க. கால் மரத்துப் போவுதுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

அப்பா தலையாட்டினார். ஆனால் சட்டைக்குக் கஞ்சி, நெஞ்சில் மெடல், முகம் தெரிகிற அளவுக்கு ஷூவில் பாலிஷ். அம்மாவுக்கு ஷிப்ட் என்பதால் துணைக்கு நான் போனேன்.

டாக்டரும் ராணுவ அதிகாரிதான். அவரைக் கண்டதும் அப்பா விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அத்தோடு அம்மா சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. நடக்க முடிகிறதா? "எஸ் சார்." மாடி ஏற முடிகிறதா? "எஸ் சார்." குனிந்து ஷூ லேஸ் கட்டுவீர்களா? "எஸ் சார்!"

என் பதவியை என் கண்ணெதிரிலேயே பறித்தால் யார் பொறுப்பார்கள்?

"பொய்! நான்தான் தெனம் கட்டி வுடறேன். அவரு ஒருநாள்கூட கட்னதில்ல!"

டாக்டர் அப்பாவையே பார்த்தார். பிறகு லேஸை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். அப்பா குனிந்தார். கை முழங்காலைத் தாண்டவில்லை. கஞ்சி போட்ட சட்டை வேர்வையில் நனைந்தது. டாக்டரே எழுந்து வந்து தோளைப் பிடித்து அவரை உட்காரவைத்தார். அப்புறம் வெகுநேரம் எழுதினார்.

திரும்பும்போது படப்பை பஸ்ஸில் அப்பா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. வழக்கமாக வாங்கித் தரும் வேர்க்கடலையும் இல்லை.

சில மாதங்களில் பென்ஷன் கூடிய கடிதம் வந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா வேலையை விட்டார். ஷூவைத் துடைத்துப் பரணில் வைக்கச் சொன்னார், அன்றிலிருந்து செருப்புதான். பதவி போன ஆத்திரத்தில் நான் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அந்த அறையில் அப்பாவுக்கு என்ன போயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.