பதினொரு விருந்தினரும் ஒரு மீதேன் கடலும்

நான் தர்மபுரத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். அறிவியல் புனைகதை வாசிக்கிறவன். இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். பம்பு திருத்துகிறவன் பக்திப் பாட்டுக் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. வேற்றுக் கிரகத்தைப் பற்றி வாசித்தால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என்னைப்போல் முப்பது பேரளவில் வன்னியில் இருக்கிறார்கள் என்பது வாட்ஸ்அப் குழு தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. தொடங்கியவன் வவுனியாவில் கணிதம் படிப்பிக்கும் என் நண்பன். இரண்டு வருடம் போனிலேயே சண்டை பிடித்தோம். காலத்தில் பின்னோக்கிப் போனால் திரும்பி வர வழி உண்டா, இயந்திரத்துக்குப் பயம் வருமா, இப்படியான சண்டைகள். பிறகு ஒருநாள் எல்லாரும் நேரில் கூடுவோம் என்று முடிவெடுத்தோம். கிளிநொச்சியில், ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நான்கு வரை. நாங்கள் எழுதிய கதைகளை வாசிப்பது, அதில் உள்ள விஞ்ஞானத்தைப் பிய்த்துப் பார்ப்பது, சாப்பிடுவது, திரும்பவும் சண்டை பிடிப்பது. இவ்வளவுதான் திட்டம்.

முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து ஒரு பெண் குழுவில் இருந்தார். கணவர் கடலுக்குப் போகிறவர். இவர் கிழிந்த வலை பொத்துகிறவர், கருவாடு போடுகிறவர். குழுவில் அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் யாராவது பிழையாக எழுதினால் ஒரு வரியில் வந்து அடித்துவிட்டுப் போவார். கூட்டம் நிச்சயமானதும் எனக்குப் போன் எடுத்தார். என்னிடம் ஒரு கதை இருக்கிறது, கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை ஒருவருக்கும் காட்டவில்லை என்றார். படம் பிடித்துக் குழுவில் போடச் சொன்னேன். மாட்டேன் என்றார். வாசிக்கும்போது ஆட்களுடைய முகத்தைப் பார்க்கவேண்டுமாம். எங்கே பிழை என்று அவர்கள் நேருக்கு நேர் சொல்லவேண்டுமாம். வீட்டில் சொன்னால் நல்லாயிருக்கு என்று மட்டும்தான் சொல்வார்களாம்.

ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வரவேண்டும். அன்றைக்கே திரும்பவேண்டும். மூன்றரை பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர வழியில்லை. அப்படி ஒருமுறை பிந்தினால் இனி ஒருநாளும் வீட்டில் விடமாட்டார்கள் என்றும் சொன்னார்.

"பத்தரைக்கு உங்கட கதை, தங்கச்சி. முதல் கதையே அதுதான். நான் பொறுப்பு" என்றேன்.

அப்போது எங்களிடம் மண்டபம் இல்லை. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மண்டபம் கிடைக்கும் என்று நண்பன் அறிந்து வந்தான். சங்கத் தலைவரைப் பிரதம விருந்தினராகப் போட்டால் சும்மாவே தருவார்களாம். ஒரு ஆள்தானே என்று நானும் தலையாட்டினேன். எங்கள் ஊர் விழாக்களைத் தெரிந்துகொண்டே தலையாட்டினேன் என்பதுதான் என் முதல் மடைத்தனம்.

எங்கள் பக்கத்தில் விருந்தினர் பட்டியல் ஒருவரோடு நிற்காது. பிரதம விருந்தினர் இருந்தால் இரண்டு சிறப்பு விருந்தினராவது வேண்டும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைக் கூப்பிட்டால் மற்ற அதிபர் கோவிப்பார். சைவக் குருக்கள் ஆசியுரை சொன்னால் பாதிரியாரும் சொல்லவேண்டும். சங்கப் பொருளாளரை விட்டுவிட்டுச் செயலாளரைக் கூப்பிட முடியாது. அழைப்பிதழ் அச்சுக்குப் போனபோது பதினொரு பெயர்கள் இருந்தன. எங்கள் நிகழ்ச்சி அடியில் ஒரு வரியாகக் கிடந்தது.

"என்னடா இது, கலியாண வீடோ?" என்று கேட்டேன்.

"மச்சான், விருந்தினர் இல்லாமல் வைச்சால் நாளைக்கு எங்களை ஆரும் மதிக்கமாட்டினம். ஆளுக்கு அஞ்சு நிமிசம். ஒரு மணித்தியாலத்திலை முடிஞ்சிடும்" என்றான் கணித ஆசிரியன். பதினொன்றை ஐந்தால் பெருக்க அவனுக்குத் தெரியும். மைக் பிடித்த ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஆட்கள் எட்டரைக்கே வந்துவிட்டார்கள். மாங்குளத்திலிருந்து, முழங்காவிலிலிருந்து, நெடுங்கேணியிலிருந்து, பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள். ஒருவர் கடதாசி மட்டையில் விண்வெளி நிலையம் ஒன்று செய்து மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். அந்தப் பெண்ணும் வந்தார். கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அதைக் கைப்பைக்குள் வைத்திருந்தார். முன் வரிசைகள் விருந்தினருக்கு என்று வெள்ளைத் துணி போட்டிருந்ததால் எல்லாரும் பின்னால் இருந்தார்கள்.

ஒன்பது மணி. பிரதம விருந்தினர் வரவில்லை. அவர் வராமல் விளக்கேற்ற முடியாது. விளக்கேற்றாமல் எதையும் தொடங்க முடியாது. அந்த நேரத்தில் மூன்று கதை வாசித்திருக்கலாம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஒளியாண்டுகளைப் பற்றிக் கதைக்கிற முப்பது பேர், ஒரு குத்துவிளக்குக்காக வாய் மூடி இருந்தோம்.

பத்தே முக்காலுக்கு அவர் வந்தார். நாதஸ்வர ஒலிநாடா, மாலை, விளக்கு, இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை. என்னை மைக் பக்கம் விடக்கூடாது என்று நண்பன் முன்பே தீர்மானித்து, பொன்னாடைத் தட்டை என் கையில் தந்திருந்தான். கோவக்காரனுக்குக் கை நிறைய வேலை கொடுத்தால் வாய் அடங்கும் என்ற கணக்கு. நானும் மேடை ஓரத்தில் தட்டோடு நின்றேன்.

ஒரு அதிபர் எங்கள் முன்னோர் எப்போதோ வானத்தில் பறந்தார்கள் என்றார். மற்றவர் பிள்ளைகள் போன் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்றார். பொருளாளர் இதை விஞ்ஞானக் கண்காட்சி என்று நினைத்து வந்திருந்தார். காட்சிப் பொருட்கள் எங்கே என்று மைக்கிலேயே கேட்டார். பின்னாலிருந்து அந்தக் கடதாசி மட்டை நிலையத்தை ஒருவர் தூக்கிக் காட்ட, மிகவும் சந்தோசப்பட்டு இன்னும் பத்து நிமிடம் பேசினார்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் அந்தப் பெண் மேடையோரம் வந்தார்.

"அண்ணை, என்ர கதை எப்ப?"

"இன்னும் ரெண்டு பேர்தான், தங்கச்சி."

பொய். இன்னும் ஏழு பேர். அவர் மேடையில் இருந்த கதிரைகளை ஒருமுறை பார்த்தார். எண்ணத் தெரிந்தவர். திரும்பிப் போனார்.

நான் அப்போதே தட்டை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்திருக்கவேண்டும். வாழ்க்கையில் எத்தனை பேரிடம் மூஞ்சிக்கு நேரே கதைத்திருக்கிறேன். பம்பைக் கெடுத்துக்கொண்டு வருகிறவனைத் திட்டாமல் அனுப்பியதில்லை. ஆனால் வேட்டி கட்டிப் பொன்னாடை போட்ட பெரியவர்களுக்கு முன்னால் என் வாய் வேலை செய்யவில்லை. இதை எழுதும்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இரண்டு மணியளவில் ஒன்பதாவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். தற்செயலாகக் கீழே பார்த்தேன். பின்வரிசைகள் வெறுமை. நடனமாடிய பிள்ளைகளின் தாய்மாரும் விருந்தினரைக் கொண்டுவந்த சாரதிமாரும் மட்டும் இருந்தார்கள். எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. சாப்பாட்டைக் கண்டதும் ஓடிவிட்டார்கள் என்று எனக்கு இரத்தம் கொதித்தது. தட்டோடு இறங்கி மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குசினிக்குப் போனேன், எல்லாரையும் ஏசுவதற்கு.

குசினிக்குள் முப்பது பேரும் இருந்தார்கள். சிலர் நிலத்தில், சிலர் அரிசி மூட்டையில், இருவர் கவிழ்த்த பெரிய சமையல் கிடாரத்தின் மேல். சமையல்காரர் கரண்டியைப் பிடித்தபடி சுவரோடு நின்றார். ஒருவரும் சாப்பாட்டைத் தொடவில்லை. நடுவில் அந்தப் பெண் ஒரு முக்காலியில் இருந்து கொப்பியைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

சனிக் கிரகத்தைச் சுற்றும் பெரிய சந்திரனில் ஒரு கடல். தண்ணீர்க் கடல் இல்லை, குளிரில் திரவமாகிப்போன மீதேன் வாயு. அதில் ஒரு பெண் வலை போடுகிறாள். நான் உள்ளே போன இடத்தில், அவள் வலையை இழுத்துப் பார்க்கிறாள். வலை அறுந்திருக்கவில்லை. கண்ணிகளின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக, பொறுமையாக அவிழ்க்கப்பட்டிருக்கின்றன. அவள் திரும்ப முடிந்து போடுகிறாள். திரும்ப அவிழ்ந்து வருகிறது. பல நாளுக்குப் பிறகு, தன் தாய் காட்டிய ஒரு முடிச்சை நுனிக் கயிற்றில் போட்டு இறக்குகிறாள்.

அந்த நேரம் வாசலில் நிழல் விழுந்தது. சங்கத் தலைவர். சபையில் ஆள் இல்லாததைக் கண்டு தேடி வந்திருந்தார், மாலையைக் கழற்றிவிட்டு, பொன்னாடை மட்டும் தோளில் இருக்க. பின்னால் என் நண்பன், முகம் செத்துப்போய். வாசிப்பு நின்றது. எல்லாரும் எழும்பினார்கள்.

"இருங்கோ, இருங்கோ. என்ன நடக்குது இஞ்சை?"

"இதுதான் ஐயா நிகழ்ச்சி" என்றேன். "இதுக்குத்தான் மண்டபம் கேட்டனாங்கள். அங்கை காலமையிலிருந்து நடக்கிறது எங்கட கூட்டமில்லை."

நண்பன் கண்ணை மூடிக்கொண்டான். தலைவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு ஒரு அரிசி மூட்டையில் இருந்தார்.

"அப்ப வாசியுங்கோ, பிள்ளை."

அந்தப் பெண் வாசித்தார். அடுத்தநாள் வலை வருகிறது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. கயிற்றின் மற்ற நுனியில் அதே முடிச்சு இன்னொன்று. அவள் போடாதது. அத்தோடு கதை முடிந்தது.

"ஆர் அந்த மற்ற முடிச்சைப் போட்டது?" என்று தலைவர் கேட்டார்.

"தெரிஞ்சால் எழுதியிருப்பன், ஐயா."

"அதைச் சொல்லாமல் முடிக்கிறது சரியில்லைப் பிள்ளை" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் எழும்பவில்லை.

பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கியது. கணித ஆசிரியனுக்குத் தான் ஏற்பாட்டாளன் என்பதே மறந்துபோனது. மீதேன் தண்ணீரின் பாதிப் பாரம்கூட இல்லை, ஆகவே கதையில் வருகிற மரத்தால் செய்த மிதப்புக் கட்டை மிதக்காது, தாண்டுபோகும் என்றான். வள்ளமும் பாதிக்கு மேல் அமிழும் என்றார் ஒருவர். ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், அந்தக் குளிரில் நைலோன் நூல் கண்ணாடிபோல் உடையும் என்றார். முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவைக்கு விரல் வேண்டுமா என்று இன்னொருவர் தொடங்கினார். அந்தப் பெண் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டே, சொல்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் பத்தாவது ஆள் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. யாருக்குப் பேசினார் என்று தெரியவில்லை.

மூன்றே காலுக்கு நான் அந்தப் பெண்ணை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையம் போனேன். பஸ் நின்றது. சாப்பாட்டுப் பார்சலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"தங்கச்சி, நான் பாதியிலைதான் வந்தனான். அவள் எப்பிடி அந்தக் கடலுக்குப் போனவள்?"

"முதல் பாதியை வாசிக்கேக்கை நீங்கள் மேடையிலை நிண்டனீங்கள், அண்ணை."

அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார். கொப்பியைத் தந்தால் வாசித்துவிட்டு அனுப்புகிறேன் என்றேன்.

"ஐயோ, இப்ப தரேலாது. மிதப்புக் கட்டை முழுக்கப் பிழை. முதல் பக்கத்திலிருந்து மாத்தவேணும்" என்றார். காலையில் வந்தபோது இருந்த முகம் அது இல்லை. ஏறி, யன்னல் பக்கம் இருந்து, பஸ் எடுக்க முன்பே பேனையைத் திறந்துவிட்டார்.

பொன்னாடைத் தட்டு என் மோட்டார் சைக்கிள் கூடையில் கிடந்தது. அதில் இரண்டு பொன்னாடை மிச்சம் இருந்தது. மண்டபத்தில் பதினோராவது ஆள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார். போர்த்துவதற்கு நான் போகவேண்டும்.