பத்தாவது கார்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் படிப்பில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். ஊருக்குள் வண்டிகள் ஏன் தேங்கி நிற்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. "அதுக்கு எதுக்குப்பா கப்பலேறணும், பாசார் வாசல்ல நின்னா தெரியாதா?" என்று தெருவே கேலி செய்தது. கடைசியில் நானும் எங்கள் ஊர் மலாக்காவுக்கே வந்து நின்றேன்.

காஜா பெராங் முச்சந்தியில் ஒரு கடை வாசல். மடியில் தாள், கையில் ஸ்டாப்வாட்ச். ஏழு நாள், தினமும் காலையிலிருந்து மத்தியானம் வரை. ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும், அவ்வளவு லீவு எனக்கு இல்லை. ஒவ்வொரு பத்தாவது காரும் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறது என்று குறிக்க வேண்டும். எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன்: சக்கரத்தை மட்டும் பார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தவர் கையாட்டுவார், பேச்சு வளரும், கணக்கு போச்சு. இதை வீட்டில் பெருமையாக வேறு சொல்லி வைத்திருந்தேன், மடையன். அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு இருந்ததும் எனக்குத் தெரியும்.

ஏழாம் நாள் காலை தேங்காய் லோரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. பத்தாவது கார் கறுப்பு, முன்சக்கரத்தில் சேறு. ஒன்பது நிமிஷம் நின்றது. ஹாரன் அடித்தது. எல்லாரும்தான் அடித்தார்கள். எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தாள்.

"அண்ணே, அப்பா போயிட்டாரு."

காலையில் நெஞ்சு வலி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

"உன் முன்னாலதான் நின்னோம். நீ டயரையே பார்த்துட்டு இருந்தே. கூப்பிடப் போனேன். அப்பாதான் கையைப் பிடிச்சிக்கிட்டு, வேணாம்மா, அண்ணனுக்குக் கணக்கு தப்பிடும்னாரு."

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். எழுந்து போய் நாலு பேரைக் கூட்டியிருந்தால் அந்த லோரியைத் தள்ளியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை நிமிஷம் வீணானது என்று டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கொள்ளி வைத்தேன். அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

திரும்பிப் போய், நேரம் குறித்த காருக்கு ஓர் அட்டை என்று துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். பேராசிரியர் விடையைப் பார்த்தார். "இந்த ஒரு கார் மட்டும் சராசரியைக் கெடுக்குது, எடுத்துடு" என்றார். ஏன் அவ்வளவு நேரம் நின்றது என்று அவர் கேட்கவில்லை. அட்டைக்கட்டிலிருந்து அந்த ஒன்றை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி ஓட்டினோம். சராசரி அழகாக இறங்கியது. பட்டமும் கிடைத்தது. அப்பா பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை, கணக்கு தப்பவில்லை.